ஆங்கிலச் சொற்களைக் கற்றலும் மறவாதிருத்தலும்

(அறக்கட்டளையின் சுருத பஞ்சமி விழாவில், மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்து, ஆங்கிலச் சொற்களைக் கற்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மொழியாயினும் சொல்லை நெஞ்சில் நிறுத்தும் வழி ஒன்றே. அந்த வழியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்றைய நாளுக்கும் இப்பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கேள்வி வழியாகவே காக்கப்பட்டு வந்த ஆகம அறிவு, கற்போரின் நினைவாற்றல் குன்றியதால் மறைந்துபோகும் நிலை வந்தது. அப்போது தரசேனாசாரியார் தம் மாணாக்கர்களான புட்பதந்தர், பூதபலி என்னும் இருவருக்கும் அதனை உபதேசித்தார். அவர்கள் அதனை ஷட்கண்டாகமமாக எழுதி வைத்தனர். அந்நூல் நிறைவெய்திய நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். மனித நினைவு தேய்வது இயல்பு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்றுக் கண்ட பெரியோர்களின் நாள் இது. ஆகவே, மாணவச் செல்வங்களே, படித்த சொல் மறந்துபோகிறதே என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மறவாதிருக்க வழி தேடாமல் இருப்பதுதான் குறை.

இது எவ்வளவு முதன்மையானது என்பதை இங்குள்ள பெற்றோர் அறிவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரிக்குள் நுழைகிறார்கள் நம் பிள்ளைகள். அங்கே பாடநூல் ஆங்கிலத்தில், விரிவுரை ஆங்கிலத்தில். எங்கள் ஊரிலிருந்து செவிலியர் படிப்புக்குச் சென்ற மாணவி ஒருவர் முதல் விடுமுறையில் என்னைக் காண வந்தார். "ஐயா, ஒரு பக்கத்தில் முப்பது சொல் புரியவில்லை. அத்தனைக்கும் அகராதி பார்த்து மேலே எழுதிக்கொள்கிறேன். மறுநாள் அதே சொல்லைப் பார்த்தால் புதிதாக இருக்கிறது. இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா?" என்று கேட்டார். இதயம், நுரையீரல், குருதி ஓட்டம் பற்றித் தமிழில் கேட்டால் தெளிவாக விளக்கக் கூடியவர் அவர். அறிவு இருந்தும், சொல் இல்லாமையால் படிப்பையே கைவிடும் நிலை. அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

மறதியின் கணக்கு

முதலில் மறதி எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். செருமனி நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு நினைவை அளந்தார். பொருளற்ற அசைகளைத் தொகுத்து மனப்பாடம் செய்தார்; பின்னர் வெவ்வேறு இடைவெளி விட்டு அவற்றையே மீண்டும் கற்று, முதலில் பட்ட உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். அம்முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது. ஆனால் ஒரு மாதம் கழிந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது. அதாவது, மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடைபெறுகிறது.

அவர் கண்ட மற்றோர் உண்மை நமக்கு இன்னும் பயன்படுவது. பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு தொகுதியை ஒரே மூச்சில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பிரித்து 38 முறை சொல்லியே அவரால் பெற முடிந்தது. ஏறத்தாழப் பாதி உழைப்பு! தேர்வுக்கு முந்தைய இரவில் நூறு முறை ஓதுவதை விட, பத்து நாள் இடைவிட்டு ஓதுவது மேல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இதுவே.

நன்னூல் காட்டும் பங்கீடு

இரண்டாவது, மீண்டும் படித்தல் வேறு, நினைவுகூர்தல் வேறு. அமெரிக்க உளவியலாளர்களான ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாகிலி மொழிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தனர். ஒரு சாரார், ஒரு சொல் தெரிந்த பின்னும் அதனைத் தமக்குத் தாமே தேர்வு வைத்துக்கொண்டே வந்தனர். மற்றொரு சாரார், தெரிந்த சொல்லுக்குத் தேர்வை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தனர். ஒரு வாரம் கழித்து, முதற்சாரார் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்களை நினைவில் வைத்திருந்தனர். இரண்டாம் சாரார் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சற்றொப்பச் சொன்னார்கள். இதில் வியப்பு என்னவென்றால், எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாரும் ஏறக்குறையப் பாதி என்றே கூறியிருந்தனர். நமக்கு எது பயன் தந்தது என்பது நமக்கே தெரிவதில்லை.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையை வகுத்துள்ளார். கேட்டதைப் பின்னர் நினைத்துப் பார்த்தல், உடன் பயில்வோருடன் பயிலுதல், வினாவுதல், வினவியவற்றிற்கு விடை கூறுதல் ஆகியவற்றை அவர் கற்றலின் உறுப்புகளாகவே வைத்தார். மேலும் ஒரு பங்கீட்டையும் தருகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கைவரும். உடன்கற்போரோடு பழகுவதால் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. வகுப்பறையில் உட்கார்ந்து கேட்பதற்குக் கால் பங்கும், வாய் திறந்து சொல்லுவதற்கு அரைப் பங்கும் கொடுத்த இலக்கண ஆசிரியரை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம். அப்பெருமை அவர் சொன்ன வழியில் நடந்தால்தான் நிறைவுறும்.

ஆதலால், சொல்லின் பொருளைக் கண்ணால் பத்து முறை பார்க்காதீர்கள். பொருளை மூடிவிட்டு, "இது என்ன?" என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். விடை வராமல் தவிக்கும் அந்தச் சில நொடிகள்தாம் உண்மையான கற்றல்.

எந்தச் சொற்கள்?

மூன்றாவது, தேர்வு. அகராதியை 'ஏ' எழுத்திலிருந்து தொடங்கி மனப்பாடம் செய்வோரை நான் கண்டிருக்கிறேன். 'பி' எழுத்தைத் தாண்டியவரைக் கண்டதில்லை. எல்லாச் சொல்லும் ஒரே மதிப்புடையன அல்ல. வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், மிகுதியும் பயன்படும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். இத்தகைய 2,000 அடிப்படைச் சொற்கள் தெரிந்தால், பொதுவான ஆங்கில எழுத்தில் வருவனவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு தெரிந்ததாகும். கல்லூரி மாணவர்களுக்காக, நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் மற்றொரு பட்டியலை வெளியிட்டார். அனலைஸ், கான்செப்ட், எவிடென்ஸ், சிக்னிஃபிகன்ட் போல எல்லாத் துறைப் பாடநூல்களிலும் வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. பாடநூல்களில் பத்தில் ஒரு பங்கு இச்சொற்களே.

நாளொன்றுக்கு ஐந்தே சொல் கற்பீர்களாக. ஞாயிறன்று புதுச்சொல் வேண்டா. பழையவற்றைத் திருப்பிப் பாருங்கள். வாரத்திற்கு 30, ஆண்டிற்கு 1,560. காக்ஸ்ஹெட் பட்டியல் முழுவதும் 19 வாரத்தில் முடியும். ஒரு பருவத்திற்குள் முடியும் வேலையைக் கண்டா நாம் அஞ்சுகிறோம்?

அந்த ஐந்தும் முற்றிலும் புதியனவாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார்கூட பஸ், டிக்கெட், ஸ்விட்ச், டெஸ்ட், ரிசல்ட், அட்ஜஸ்ட் என்று எத்தனையோ ஆங்கிலச் சொற்களை நாள்தோறும் வழங்குகிறார்கள். 'அட்ஜஸ்ட்' தெரிந்தவருக்கு 'அட்ஜஸ்ட்மென்ட்' ஓரடி தூரமே. நம்மிடமிருந்து ஆங்கிலம் கொண்டுசென்றவையும் உண்டு: கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. ஆனால் பழகிய சொல் சில நேரம் ஏமாற்றும். நமக்கு 'ஹோட்டல்' என்றால் உணவகம். ஆங்கிலேயருக்கு அது முதன்மையாகத் தங்கும் விடுதி. எனவே, தெரிந்த சொல்லையும் ஒருமுறை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பிரித்தறிதல்

நான்காவது, தமிழிலக்கணம் படித்தவர்களுக்குக் கிடைக்கும் ஓர் ஆதாயம். பகுபத உறுப்புகள் ஆறு என்று பள்ளியில் படித்தோம்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் அக்கண் ஆங்கிலத்திற்கும் உதவும். 'போர்ட்' என்னும் இலத்தீன் பகுதிக்குச் சுமத்தல் என்பது பொருள். உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட், இடம் விட்டு இடம் கொண்டுசெல்வது டிரான்ஸ்போர்ட், சுமந்து செல்லத்தக்கது போர்ட்டபிள், சுமப்பவர் போர்ட்டர், செய்தியைத் திரும்பக் கொணர்வது ரிப்போர்ட். ஒரு வேரைப் பிடித்தால் ஆறு கிளைகள் கைக்கு வருகின்றன.

எழுத்துக்கூட்டலில் வரும் தொல்லைகளுக்கும் இவ்வழியில் விடை உண்டு. கடன் என்னும் பொருளுடைய 'டெட்' என்ற சொல்லில் 'பி' எழுத்து இருக்கும், ஒலிக்காது. இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றோர் பின்னாளில் செருகிய எழுத்து அது. வங்கிப் புத்தகத்தில் 'டெபிட்' என்று படிக்கிறோமே, அதே மூலம். டெபிட்டில் ஒலிக்கும் 'பி', டெட்டில் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டால் பிழை வாராது.

நிகண்டும் நாமும்

ஐந்தாவதாக, ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டு ஓதினார்கள். சமணச் சான்றோரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று பொருள் வகையால் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. விருத்தப்பாவில் இருப்பதால் ஓசையே நினைவைத் தாங்கிப்பிடிக்கும். ஆங்கிலத்தில் பொருள் வகையால் சொற்களைத் தொகுத்த ரோஜெட்டின் நூல் 1852-இல்தான் வெளிவந்தது.

அவ்வாறானால், ஆங்கிலச் சொற்களையும் இனம் இனமாக ஓதலாமா? புதிதாகக் கற்பவர் அப்படிச் செய்யலாகாது. நிகண்டு ஓதிய பிள்ளைக்குத் தமிழ் தாய்மொழி. மரம் தெரியும், அதற்குரிய வேறு பெயர்களைத் தெரிந்த பெயரோடு சேர்த்துக்கொண்டான். ஆங்கிலத்திலோ எல்லாமே புதியவை. ஒரே இனத்துப் புதுச்சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றோடொன்று மயங்கும் என்று தாமஸ் டிங்க்கம் என்பவர் 1993-இல் ஆய்ந்து காட்டினார். 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் பாருங்கள். ஒன்று கடன் வாங்குவது. மற்றொன்று கடன் கொடுப்பது. இரண்டையும் ஒரே நாளில் கற்ற மாணவர் பலர் ஆண்டுக்கணக்கில் மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இன்று 'பாரோ' கற்று, அது உறுதிப்பட்ட பின்னர், இரண்டு வாரம் கழித்து 'லெண்ட்' கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படை வந்த பின்பு இனம் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நிகண்டு தொடக்கநூல் அன்று, வளர்ப்புநூல்.

சொல்லுக்குத் துணைச்சொல்

ஆறாவது, தனிச்சொல்லாகக் கற்காதீர்கள். தமிழில் யானைக்கும் பசுவுக்கும் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு, கீரிக்குப் பிள்ளை. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும். மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கும். ஆனால் மரபு வழுவாகும். ஆங்கிலத்திற்கும் இத்தகைய மரபு உண்டு. மழைக்கு 'ஹெவி' வரும். தேநீருக்கு 'ஸ்ட்ராங்' வரும். 'மிஸ்டேக்' என்பதற்கு 'மேக்' துணை. 'ஹோம்வொர்க்' என்பதற்கு 'டூ' துணை. ஆகவே ஒரு சொல்லை எழுதும்போது அதன் துணையோடு, ஒரு சிறு தொடராகவே எழுதிக்கொள்ளுங்கள். அத்தொடர் உங்கள் வீட்டையும் ஊரையும் பற்றியதாக இருக்கட்டும். லண்டன் நகரத்துப் பனியைப் பற்றிய தொடரை விட, நம் ஊர் ஏரி நிரம்பியதைப் பற்றிய தொடர் மனத்தில் நிற்கும்.

ஐந்து அறைப் பெட்டி

இவற்றையெல்லாம் நாள்தோறும் நடத்துவதற்கு ஒரு கருவி வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய நூலில் எளிய பெட்டி முறை ஒன்றை விளக்கினார். நம் வீட்டில் செலவின்றிச் செய்யலாம். பழைய திருமண அழைப்பிதழ்களைச் சிறு அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையின் முன்புறம் தமிழ்ப் பொருளையும், சொல் விடுபட்ட ஓர் ஆங்கிலத் தொடரையும் எழுதுங்கள். பின்புறம் அந்த ஆங்கிலச் சொல். காலியான இனிப்புப் பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்பு வையுங்கள்.

புதிய அட்டை எல்லாம் முதல் அறையில். அதனை நாள்தோறும் பாருங்கள். விடை சரியானால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகட்டும்; அதனை மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். மூன்றாம் அறை வாரம் ஒருமுறை; நான்காம் அறை பதினைந்து நாளுக்கு ஒருமுறை; ஐந்தாம் அறை மாதம் ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை மீண்டும் முதல் அறைக்கே வர வேண்டும். தெரிந்த சொல் தானே விலகி நிற்கும். தெரியாத சொல் நாள்தோறும் கண்முன் வரும். மறக்கப்போகும் தறுவாயில் நினைவூட்டுவதே இப்பெட்டியின் நுட்பம். கைப்பேசியில் 'ஆங்கி' முதலிய செயலிகள் செய்வதும் இதுவே. எனினும் தொடக்க நிலையில் கையால் எழுதுமாறு சொல்வேன். எழுத்துக்கூட்டல் கையில் படியும்; கைப்பேசியின் வேறு ஈர்ப்புகளும் குறுக்கிடா.

முன்னர்க் கூறிய செவிலிய மாணவி இப்படியொரு பெட்டி செய்துகொண்டார். பக்கத்திலுள்ள முப்பது சொல்லையும் தேடுவதை விட்டார். மீண்டும் மீண்டும் வரும் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்தார். விடுதித் தோழி ஒருவரோடு இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் அட்டைகளைக் கேட்டுக்கொண்டார். அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. முதற்பருவத்தில் இரண்டு பாடங்களில் மதிப்பெண் குறைவுதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் ஐயம் கேட்டதாகக் கடிதம் எழுதினார். படிப்பைக் கைவிடவில்லை. அது போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதையே தடுக்கும் பெற்றோர் இன்று பெருகி வருகின்றனர். அவர்கள் நோக்கம் நல்லது, வழி தவறானது. 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற சொல்லைப் பிள்ளை கற்க வேண்டுமாயின், பொறுப்பு என்ற சொல்லும் அதன் பொருளும் முன்பே அவன் உள்ளத்தில் இருக்க வேண்டும். ஆணி அடித்த சுவரில்தான் சட்டையை மாட்ட முடியும். தாய்மொழிச் சொல்லே அந்த ஆணி. வீட்டில் தாத்தாவோடும் பாட்டியோடும் பேசி, கதை கேட்டு, நுணுக்கமான தமிழ்ச் சொற்களை அறிந்த பிள்ளை, ஆங்கிலச் சொல்லையும் நுணுக்கமாகவே பிடித்துக்கொள்ளும். தமிழைப் பறித்துவிட்டு ஆங்கிலம் கொடுத்தால், இரண்டிலும் அரைகுறையாக நிற்கும் தலைமுறையைத்தான் உருவாக்குவோம்.

நிறைவாக, அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பரிசாக அகராதி வழங்குகிறீர்கள், மகிழ்ச்சி. இனி அதனோடு ஐந்து அறைப் பெட்டியும் நூறு வெற்று அட்டைகளும் சேர்த்து வழங்குங்கள். வாரம் ஒரு மாலை, நம் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டுங்கள். கல்லூரி மாணவர் பள்ளி மாணவருக்கும், பள்ளி மாணவர் நம் போன்ற முதியோருக்கும் ஆளுக்கு ஐந்து சொல் விளக்கட்டும். கேட்பவரை விடச் சொல்பவர் மிகுதியும் பயன் பெறுவார். பவணந்தியார் சொன்ன அந்த அரைப் பங்கு அவருக்கே சேரும். முதல் மாலையில் மாணாக்கராக வந்து அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.